காது குத்திய சம்பந்திகள்

எலெக்ட்ரானிக் சிப்பு தயாரிக்கிற சிப்புக்காரரின் அறையில் வருகிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகள் அவருடைய நாற்காலியைவிடத் தாழ்வாக இருந்தன. எதிரில் இருப்பவர் அண்ணாந்து பார்த்தால்தான் தனக்கு உயரம் என்று நம்புகிற ஆட்களை வக்கீலம்மா கோர்ட்டில் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. அவள் உட்காராமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். அவர்தான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேச வேண்டியதாயிற்று.

கூட வந்த கொழுந்தன் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். வக்கீலம்மாவின் கணவர் வேறொருத்தியோடு குடித்தனம் போடக் கிளம்பியபோது அவருடைய தம்பி கிளம்பவில்லை. "அண்ணன்தானே உங்கள விட்டுட்டுப் போறார் அண்ணி, எனக்கென்ன வந்தது" என்றான். அவள் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தபோதும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். நல்ல கண், நல்ல காது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

விஷயம் இதுதான். சிப்புக்காரரும், ரேடியோக்களுக்கு மேல்கூடும் பாகங்களும் செய்கிற பெட்டிக்காரரும் கூட்டுச் சேர்ந்து ஒரு புது ரேடியோ தயாரித்தார்கள். பழைய ரேடியோவுக்கு ஒரு வேலைதான் தெரியும். தீயணைப்பு வண்டியில் இருப்பது தீயணைப்பு வண்டியோடு பேசும், ஆம்புலன்ஸில் இருப்பது ஆம்புலன்ஸோடு பேசும். புது ரேடியோவில் உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரை மாற்றினால் போதும், அதே பெட்டி எதுவாக வேண்டுமானாலும் மாறிக்கொள்ளும்.

இதைச் செய்து தரச் சொன்னவர் தீயணைப்பு அதிகாரி. அவருக்கு இது ஆசை இல்லை, வலி. ஒரு கிடங்குத் தீயில் மயங்கிக் கிடந்த அவருடைய ஆள் ஒருவனைத் தெற்கு வாசல் வழியாகத் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வடக்கு வாசலில் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு ரேடியோவும் ஒன்றோடொன்று பேசாது என்பதால் ஒருவன் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் ஓடி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம் அந்த அதிகாரி முன்னால் செயல்விளக்கம் நடந்தது. தீயணைப்புச் சேனலில் இருந்து ஆம்புலன்ஸ் சேனலுக்கு ரேடியோவை மாற்றினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவரின் குரலுக்குப் பதில் சிப்புக்காரரின் குரல் வந்தது. "அந்தத் தகரக்காரனுக்கு என்ன தெரியும்? ஆர்டர்ல கையெழுத்து ஆகட்டும், அடுத்த நாளே கழட்டி விட்டுடுவேன்." மண்டபம் முழுக்க, கண்ணாடி மாதிரித் தெளிவாக. பெட்டிக்காரர் எழுந்து வெளியே போனார். கூட்டு உடைந்தது.

வேலை தொடங்கும்போது போட்ட ஒப்பந்தத்தில் அதிகாரி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கம்பெனிகள் தாங்களாகப் பின்வாங்கினால் அதுவரை செய்த டிசைன் முழுவதும் தீயணைப்புத் துறைக்குப் போய்விடும். உள்ளாள் சதியால் கெட்டது என்று வெளியாள் ஒருவர் விசாரித்துச் சொன்னால் மட்டும் டிசைன் கம்பெனிகளிடமே தங்கும். அந்த வெளியாளாகத்தான் வக்கீலம்மா வந்திருந்தாள். தன்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பத்திரிகையில் வந்த துப்பறியும் விளம்பரங்களிலேயே சின்னது அவளுடையது.

சிப்புக்காரர் ஒளிவு மறைவில்லாதவர் போலப் பேசினார். ஆமாம், பேசியது தான்தான். காரில் போகும்போது ஆடிட்டரிடம் ஃபோனில் ஏதோ கோபத்தில் வந்துவிட்டது. அதை யாரோ பதிவு செய்து, செயல்விளக்கத்தின்போது பக்கத்தில் இருந்தே ஒரு கருவியால் ஒலிபரப்பியிருக்கிறார்கள். யார் என்று சொல்லவே நாக்கூசுகிறது. ரேடியோவின் சாஃப்ட்வேர் முழுவதையும் எழுதியவள் தன் மருமகள். அவள் பெட்டிக்காரரின் மகள். ஆமாம், இரண்டு பேரும் சம்பந்திகள். தன் அப்பாவை மாமனார் மட்டமாகப் பேசியதைக் கேட்டு அந்தப் பெண் பழிவாங்கியிருக்க வேண்டும்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "முதுகுல குத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் மேடம். காதுல குத்திட்டாங்க."

சொல்லிவிட்டு ஒரு இடைவெளி விட்டார். மேடைப் பேச்சாளர் கைதட்டலுக்காக விடுகிற இடைவெளி அது.

"நல்லா இருக்கு சார்," என்றான் கொழுந்தன். "நீங்களே யோசிச்சதா?"

"மனசுல பட்டது," என்றார் சிப்புக்காரர், சற்றே மகிழ்ந்து.

வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தில் வருவதை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

*

பெட்டிக்காரரின் தொழிற்சாலையில் தகடு வளைக்கும் இயந்திரங்களின் சத்தம் காலடியில் அதிர்ந்தது. பெயின்ட் வாடை தொண்டையைப் பிடித்தது. அவருடைய அறை மட்டும் கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் போட்டு, நறுமணம் தெளித்து இருந்தது. தன் சரக்கின் வாடை தன் மூக்கில் படக்கூடாது என்று நினைக்கிற வியாபாரி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணில் ஒன்றும் இல்லை. மகளைக் குறை சொல்ல வாய் வரவில்லை என்று ஆரம்பித்து அவளைப் பற்றிக் குறையாகவே சொல்லிக்கொண்டு போனார். பிடிவாதக்காரி. சின்ன வயதிலிருந்தே கோபம். அப்பா மேல் இருந்த பாசத்தில் செய்திருக்கலாம். போலீஸ், கேஸ் என்று போகாமல் அவள்தான் காரணம் என்று அறிக்கையில் ஒரு வார்த்தை இருந்தால் போதும். வீட்டு விஷயத்தை வீட்டுக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

"தகரக்காரன்னு சொன்னது உங்களுக்கு ரொம்ப வலிச்சிருக்குமே," என்றாள் வக்கீலம்மா.

அங்கே மட்டும் அவர் முகம் நிஜமாகவே சுருங்கியது. அவருடைய அப்பா தெருவில் உட்கார்ந்து தகரப் பெட்டி தட்டியவராம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஊர் மாறி, தொழில் மாறி, பரம்பரைப் பணக்காரர் போல நடமாட ஆரம்பித்த பிறகு அந்தப் பெயரை அவர் எங்கேயும் உச்சரித்ததில்லை.

"என் பொண்ணுக்கே தெரியாது மேடம். பெத்த பொண்ணுகிட்டயே நான் சொன்னதில்ல."

வக்கீலம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். செயல்விளக்கத்துக்கு வைத்த அந்த ரேடியோ எங்கே என்று கேட்டாள். அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பதாகவும், அறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டுமானால் தானே கொண்டுவந்து தருவதாகவும் அவர் சொன்னார். துணி போட்டு மூடி வைத்திருக்கிறாராம், தூசி பட்டால் பளபளப்புப் போய்விடுமாம்.

அவர்கள் கிளம்பும்போது பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "முதுகுல குத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் மேடம்," என்றார். "காதுல குத்திட்டாங்க."

இடைவெளியும் விட்டார்.

கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டும் வரை கொழுந்தன் அடக்கிக்கொண்டு வந்தான். பிறகு ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "குத்து வாங்கினது அவங்க காது இல்ல அண்ணி. நமக்குத்தான் குத்துறாங்க, ரெண்டு காதுலயும், ஆளுக்கு ஒண்ணா."

"அந்த வசனம் யாருக்கு எழுதினது?"

"ரெண்டு பேரும்தான் சொன்னாங்களே."

"யாருக்குப் பொருந்துது?"

கொழுந்தன் யோசித்தான். திட்டுக் கேட்டவர் பெட்டிக்காரர். அவர் காதில் குத்து விழுந்தது என்றால் சரி. சிப்புக்காரர் திட்டியவர். அவர் வாயிலிருந்து வந்ததுதான் அந்தக் குத்து, காதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்தவருடைய வசனத்தை மனப்பாடம் செய்து தப்பான ஆள் ஒப்பித்துவிட்டார்.

"நிஜமாச் சண்டை போட்டவங்க ஒரே மாதிரி பேச மாட்டாங்க," என்றாள் வக்கீலம்மா. "நான் நடத்தின கேஸ்கள்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும், அறைஞ்சது எந்தக் கன்னத்துலங்கறதுலயே அடிச்சுக்குவாங்க. இதுங்க ரெண்டும் சேர்ந்து உக்காந்து ஒத்திகை பாத்திருக்குதுங்க. இன்னொண்ணு. பெத்த பொண்ணுக்கே தெரியாத தகரக் கதை சம்பந்திக்கு எப்படித் தெரிஞ்சது?"

கொழுந்தன் காரை ஓரங்கட்டி நிறுத்தினான். "அவரே சொல்லிக் குடுத்திருந்தா?"

"தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தானே. ஆனா இதெல்லாம் வாய்ப்பேச்சு. 'தற்செயல்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கையில ஒண்ணு வேணும்."

*

சாஃப்ட்வேர் எழுதிய அந்தப் பெண் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் வாடகை அறையில் இருந்தாள். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேஜையில் இருந்த டம்ளர் நடுங்கியது. மாமனார் அவளை வேலையை விட்டு நிறுத்திய அன்றே அவளுடைய கணினியையும் வாங்கிக்கொண்டார். அப்பா கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று ஃபோனில் சொல்லிவிட்டார். வெளியூர் வேலையில் இருந்த கணவனுக்கு அவள் நீளமாக எழுதியதற்கு வந்த பதிலை வக்கீலம்மாவிடம் காட்டினாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான்.

"ரேடியோ மாதிரி மாப்பிள்ளையையும் கல்யாணத்துக்கு முன்னாடியே பேசச் சொல்லிக் கேட்டுப் பாத்திருக்கலாம்," என்று கொழுந்தன் முணுமுணுத்தான். வக்கீலம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் தன்னைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவுக்காகத்தான் வருத்தப்பட்டாள். அத்தனை பேர் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் வெளியே போனது கண்ணிலேயே நிற்கிறதாம். மாமனார் அப்படிப் பேசியது நிஜம்தானே, அதை யார் ஒலிபரப்பினால் என்ன, அப்பா பாவம் என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது வக்கீலம்மாவுக்குப் புரிந்தது. தெரியும்போது என்ன ஆகும் என்பதும் புரிந்தது. அந்த இரண்டு கிழங்களின் மேலும் அதுவரை இருந்தது இளக்காரம். இப்போது அதில் கோபமும் சேர்ந்தது.

ஓடாத ரேடியோவை அவர்களே மூடி மறைக்கப் பார்க்கிறார்களோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ரேடியோ சரியாக ஓடுமா என்று மட்டும் கேட்டாள்.

"ஓடும் மேடம். மழையில வச்சோம், வெயில்ல வச்சோம், எல்லாத்துலயும் ஓடிச்சு. அதனாலதான் எனக்கு எதுவுமே புரியல."

"தீயணைப்புத் துறைக்காரங்க அடுத்த மாடல் வாங்க எப்ப வரணும்?"

"எதுக்கு வரணும்? புதுசா ஏதாவது தேவைன்னா சாஃப்ட்வேர மாத்திக்கலாம். சிப்பு அதேதான், பெட்டியும் அதேதான்."

வக்கீலம்மா அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். ஓடாத சரக்கை மறைக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவர்கள் வேறு ரகம். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் வேறொன்று கேட்டாள். அன்றைக்கு மண்டபத்தில் குரல் அவ்வளவு சுத்தமாக வந்தது எப்படி? காரில் ஃபோன் பேசினால் ஹாரன், எஞ்சின் என்று ஏதாவது கேட்காதா?

"கேக்காது மேடம். இரைச்சல நீக்குற சாஃப்ட்வேர் இருக்கு. பக்கத்துல பேசுற குரல மட்டும் எடுத்து வெளிய விடும்."

"நீக்கினத எங்க போடும்?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கயும் போடாது," என்றாள் மெதுவாக. "ரேடியோ முதல்ல எல்லாத்தையும் அப்படியே உள்ள வாங்கி வச்சுக்கும். அப்புறம்தான் தேவையானத எடுக்கும். உள்ள வாங்கினது நாம அழிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். நான் அழிக்கல. அதுக்குள்ள என்னை வெளிய அனுப்பிட்டாங்க."

"இது உங்க அப்பாவுக்கோ மாமனாருக்கோ தெரியுமா?"

"மீட்டிங்ல அவர் சிப்பு எவ்வளவு சின்னதுன்னு சொல்லுவார், அப்பா பெட்டி எவ்வளவு பளபளப்புன்னு சொல்லுவார். அது என்ன செய்யும்னு ரெண்டு பேரும் கேட்டதே இல்ல மேடம்."

*

அறிக்கை தயார், வாசித்துக் காட்டும்போது எல்லாரும் இருக்க வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லி அனுப்பியதும் சம்பந்திகள் இருவரும் முன்னதாகவே வந்துவிட்டார்கள். சிப்புக் கம்பெனியின் கூட்ட அறை. நீளமான மேஜையின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நாடகத்தை இன்னும் விடவில்லை. தீயணைப்பு அதிகாரி நடுவில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்திருந்தார். மகள் சுவரோரம் நின்றாள். குற்றவாளியை நேருக்கு நேர் வைத்து விசாரிக்கப் போகிறார்கள் என்று சம்பந்திகளுக்குச் சொல்லியிருந்தது. அதில் இருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

பெட்டிக்காரர் தானே ரேடியோவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துத் துணியை விலக்கினார். படத்தில் நன்றாக விழுகிற பக்கமாகத் திருப்பியும் வைத்தார்.

வக்கீலம்மா அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். கொழுந்தன் தன் கணினியை நகர்த்தி வைத்தான். அந்தப் பெண் அதிலிருந்து ஒரு கம்பியை ரேடியோவில் சொருகினாள். சிப்புக்காரர் எதற்கு அது என்று கேட்டதற்கு, செயல்விளக்கத்தன்று ரேடியோ வாங்கிய ஒலியை அதிகாரி இன்னொரு தடவை கேட்கட்டுமே என்று வக்கீலம்மா சொன்னாள். அவர் தாராளமாகக் கையை விரித்தார்.

முதலில் ஒரு உறுமல் கேட்டது. கார் எஞ்சின் இல்லை, ஏதோ அறையின் குளிர்சாதனம். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "அந்தப் பெட்டிக்காரனுக்கு என்ன..." என்று சிப்புக்காரரின் குரல் தொடங்கி நின்றது. பேசிப் பார்த்து, பிடிக்காமல், அவர் முணுமுணுப்பாக விட்டுவிட்ட ஆரம்பம்.

அதற்குப் பின்னால், தூரத்திலிருந்து, மெலிதாக இன்னொரு குரல் வந்தது. அந்தப் பெண் ஒலியைக் கூட்டினாள்.

"தகரக்காரன்னு போடுங்க சம்பந்தி. அப்பத்தான் நான் எந்திரிச்சுப் போறதுல ஒரு நியாயம் இருக்கும்."

பிறகுதான் மண்டபத்தில் கேட்ட அந்தத் திட்டு வந்தது, தெளிவாக, உணர்ச்சியோடு.

பெட்டிக்காரர் கையில் துணி இருந்தது. அதைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார்.

"இது யாரோ ஜோடிச்சது," என்றார் சிப்புக்காரர்.

"உங்க ரேடியோ சார்," என்றாள் வக்கீலம்மா. "அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க போட்டுக் கேட்டிருப்பீங்க, இதே ரேடியோவுல. அது சுத்தம் பண்ணிக் குடுத்ததக் கேட்டுட்டு, சுத்தமா இருக்குன்னு நினைச்சுட்டீங்க. நீங்க விக்கிற பொருள் என்ன செய்யும்னு ஒரு தடவையாவது இந்தப் பொண்ணுகிட்டக் கேட்டிருக்கலாம்."

"தன்னத் திட்டச் சொல்லி வசனம் எடுத்துக் குடுத்த முதல் ஆள் நீங்கதான் சார்," என்றான் கொழுந்தன் பெட்டிக்காரரிடம், மரியாதையாகவே.

யாரும் ரேடியோவை நிறுத்தவில்லை. திட்டு முடிந்த பிறகும் பதிவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மண்டபத்தில் யார் காதிலும் விழாத, தூரத்துக் குரல்கள் மட்டும் இருந்த மிச்சம். சிப்புக்காரர் ஏதோ கேட்டது சரியாக விழவில்லை. பெண்ணைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். பதில் விழுந்தது.

"ஒரு மாசம் அழுவா. அப்புறம் ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் மறந்துடுவா."

அப்பாவின் குரல். சாப்பிட்டு முடித்துச் சாய்ந்துகொண்டு பேசுகிற சாவகாசமான குரல்.

அந்தப் பெண் கம்பியைப் பிடுங்கினாள். அழவில்லை. கம்பியைச் சுருட்டிக் கொழுந்தனிடம் கொடுத்தாள், அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அதிகாரி சம்பந்திகள் பக்கம் திரும்பினார். இப்போது ஒன்றுதான் கேட்டார். ரேடியோ ஓடுகிறதே, பிறகு எதற்கு?

சிப்புக்காரர் கூரையைப் பார்த்தார். பெட்டிக்காரர்தான் சொன்னார், வியாபாரம் தெரியாதவருக்கு விளக்குகிற தொனியில். ஓடுவதுதான் பிரச்சினை. பழைய ரேடியோ என்றால் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக விற்கலாம், சில வருஷத்தில் பழசாகும், திரும்ப வருவார்கள். இதை ஒரு தடவை வாங்கியவன் திரும்பியே வரமாட்டான். கூட்டுச் சேர்ந்தபோது மகள் இதை இவ்வளவு தூரம் கொண்டுபோவாள் என்று இருவருமே நினைக்கவில்லை. வெளியே விட்டால் இரண்டு தொழிலும் படுத்துவிடும். பின்வாங்கினால் டிசைன் கைமாறி வேறு யாராவது செய்துவிடுவார்கள். அதனால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று சம்பந்திகள் இருவரும் கலந்து பேசி முடிவு செய்தார்கள். செயல்விளக்கத்தன்று சட்டைப் பையில் அந்தப் பதிவை ஒலிபரப்பும் சோதனைக் கருவியை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியது தான்தான் என்பதையும் அவரே சொன்னார். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் எதிர்பார்க்கிற புரிதலோடு அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரியின் விரல்கள் தொப்பியின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தன. தெற்கு வாசலில் ஆளைத் தூக்கிக்கொண்டு நின்றது அவரேதான் என்பது வக்கீலம்மாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"நீங்க கேட்டபடியே எழுதியிருக்கேன்," என்று அவள் அறிக்கையை மேஜையில் வைத்தாள். "உள்ளாள் சதி. உள்ளாள் ரெண்டு பேர்."

சிப்புக்காரர் சட்டென்று உயிர் பெற்றார். சதி என்று எழுதியிருந்தால் போதுமே, டிசைன் கம்பெனியிடம்தானே இருக்கும் என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அது தோன்றியதை நினைத்து வக்கீலம்மாவுக்கு ஒரு மாதிரி வியப்புக்கூட வந்தது.

"முதலாளியே கெடுத்தா அதுக்குப் பேர் சதி இல்ல," என்றார் அதிகாரி எழுந்துகொண்டே. "பின்வாங்குறது. டிசைன் எங்களுக்கு வந்துடுச்சு. மறுக்கணும்னா கோர்ட்டுக்கு வாங்க, இந்த ரேடியோவ அங்கயும் போட்டுக் காட்டுறேன்."

அவர் ரேடியோவைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தப் பெண் சுவரை விட்டு நகர்ந்து அவர் முன்னால் வந்தாள்.

"டிசைன எடுத்துட்டுப் போறீங்க. எழுதினவள எடுத்துப்பீங்களா சார்?"

அதிகாரி அவளைச் சற்று நேரம் பார்த்தார். தன் பட்டறையில் குளிர்சாதனம் கிடையாது, மின்விசிறி ஒன்றுதான், தீயணைப்பு வண்டி கிளம்பும் சத்தத்தில் காதே கேட்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பரவாயில்லை என்றாள். அப்படியானால் இப்போதே வரலாம், வண்டி கீழேதான் நிற்கிறது என்றார்.

பெட்டிக்காரர் எழுந்து வந்து கதவை மறித்தாற்போல் நின்றார். கையில் மடித்த துணி இன்னும் இருந்தது. எல்லாம் அவளுக்காகத்தான், சொத்து முழுவதும் கடைசியில் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும்தானே, ஒரு அப்பாவின் மனசு இப்போது புரியாது என்று சொல்லிக்கொண்டு போனார். இந்தத் தடவை கண்ணாடிக்குப் பின்னால் கண் நிஜமாகவே நனைந்திருந்தது. வக்கீலம்மா அதைக் கவனித்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

மகள் அவர் பேசி முடிக்கும் வரை நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் அவர் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வழி விடுறீங்களா, சார்," என்றாள்.